மாழையைப் பிடிக்கும் மணிமுடி



பிள்ளைச்சாவடிக் கடலில் ஒரு குடம் நீர் மொண்டு வந்தால் அதில் உப்பு இருக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. ஆயின் உப்பு என்னும் அச்சொல்லுக்குள் பல மாழைகள் (உலோகங்கள்) அடங்கிக் கிடக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம், பொட்டாசியமோ 0.4 கிராம். எண்ணிக்கையாகப் பார்த்தால், 46 சோடியத்துக்கு நடுவே ஒரேயொரு பொட்டாசியம். இரண்டும் ஓர் எதிர்மின்னியை இழந்து, நேர்மின்னேற்றம் பெற்ற அயனிகளாகவே நீரில் உலவுகின்றன.

மாந்தக் குருதியும் இவ்வகையில் கடலுக்கு உறவே. குருதியில் சோடியம் 140 பங்கு இருப்பின் பொட்டாசியம் 4 பங்கே இருக்கும். அந்த 4 என்பது 7 ஆக உயர்ந்தால் நெஞ்சாங்குலையின் துடிப்பு முறை பிறழ்ந்து நின்றும் போகலாம். எனவே சோடியக் கூட்டத்தினிடையே பொட்டாசியத்தை இனங்கண்டு பிடிப்பது என்பது உயிர் காக்கும் வேலை. ஒரே மின்னேற்றமும் ஒத்த இயல்பும் உடைய இரண்டில் ஒன்றை மட்டும் பிடிப்பது எவ்வாறு?

விடையின் முதற்படி 1962இல் கிட்டியது. கொரியாவின் பூசான் நகரில், நோர்வேத் தந்தைக்கும் சப்பானியத் தாய்க்கும் 1904இல் பிறந்தவர் சார்லசு பெடர்சன். முனைவர் பட்டம் பெறாதவர். அமெரிக்காவின் துபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளர். வேறொரு பொருளைச் செய்ய முயன்றபோது, ஆயிரத்தில் நான்கு பங்கே தேறிய வெண்ணிறப் படிகம் ஒன்று உடன் விளைந்தது. கழிவென்று அவர் அதனை ஊற்றிவிடவில்லை; ஆய்ந்தார். சோடிய உப்பைச் சேர்த்தவுடன், கரைய மறுத்த அப்படிகம் கரைந்தது கண்டார்.

அம்மூலக்கூறு ஒரு வளையம். கரிம அணு இரண்டு, உயிர்வளி அணு ஒன்று என அடுத்தடுத்துக் கோத்த மாலை. உயிர்வளிகள் எதிர்மின் சாயல் கொண்டு உள்நோக்கி நிற்கின்றன; நேர்மின்னேற்றம் உடைய அயனி நடுவே வந்தமர்கிறது. ஒவ்வோர் உயிர்வளியின் இழுப்பும் மெலிது. ஆறும் ஒருங்கே இழுக்கையில், வில்லியனூர்த் தேரை ஊர் கூடி இழுத்தாற்போல், பிடி வலுத்துவிடுகிறது. வளையத்தின் வெளிப்புறமோ எண்ணெய்த் தன்மையது. அதனால் பென்சீனில் கரையாத பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இவ்வளையத்தின் துணையால் கரைந்து, பென்சீன் ஊதா நிறமாகிறது.

இலக்கண முறைப்படியான அதன் வேதிப்பெயர் நாவுக்குள் அடங்காது. வளையம் அயனிக்கு முடி சூட்டினாற்போல் இருக்கக் கண்ட பெடர்சன், உருவையே பெயராக்கி, மணிமுடி என்றார். வளையத்தில் 18 அணுக்கள், அவற்றுள் 6 உயிர்வளிகள் எனில் 18-முடி-6. தமிழில் 'முடி ஈதர்' என்னும்போதும் அவ்வுரு கண்முன் நிற்கிறது. பொருளைக் காட்டும் சொல்லுக்கு உரை வேண்டுவதில்லை.

மீனவர் வலையின் கண் பெரிய மீனை நிறுத்தும், சிறியதை விட்டுவிடும். முடி ஈதரின் வழக்கோ வேறு: மிகப் பெரியது உள்ளே அமராது, மிகச் சிறியது எல்லா உயிர்வளிகளையும் ஒருசேரத் தொடாது. 18-முடி-6இன் நடுவெளி 0.26 முதல் 0.32 நானோமீட்டர். பொட்டாசிய அயனியின் குறுக்களவு ஏறத்தாழ 0.27. சோடியம் ஏறத்தாழ 0.2, அதற்கு ஏற்றது 15-முடி-5.

ஆயினும் இவ்வளவில் வெற்றி முற்றுப்பெறவில்லை. நீரில் 18-முடி-6 சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை ஏறத்தாழ 17 மடங்கே மிகுதியாக விரும்புகிறது. கடலில் சோடியம் 46 மடங்கன்றோ! கணக்கிட்டால், பிள்ளைச்சாவடிக் கடல்நீரில் இட்ட வளையங்களில் பொட்டாசியத்தைவிடச் சோடியமே மிகுதியாக அமரும். வளையம் நெகிழ்ந்து சிறிய அயனிக்கும் வளைந்து கொடுப்பதே இதற்குக் காரணம்.

வளையாமை எனும் பாடத்தை இயற்கை முன்பே கற்றிருந்தது. மண்வாழ் நுண்ணுயிர் ஈனும் வாலினோமைசின் 36 அணு வளையம். அது தன்னை மடித்து, பொட்டாசியத்தின் அளவிலேயே இறுகி நிற்கும். உள்ளே நுழையுமுன் அயனி தன்னைச் சூழ்ந்த நீரைக் களைந்தாக வேண்டும். சோடியத்துக்கு அவ்விழப்பை ஈடு செய்யும் பிடி அங்கே கிட்டாது. பொட்டாசியத்துக்கு ஏறத்தாழ 10,000 மடங்கு முதன்மை! குருதியில் பொட்டாசியம் அளக்கும் மருத்துவமனைக் கருவிகளின் மின்முனையில் அமர்ந்திருப்பது இதுவே. இறுகிய கூடுகளைச் செயற்கையாகக் கட்டிக் காட்டியவர்கள் பிரான்சின் இழான்-மாரி இலேனும் அமெரிக்காவின் தொனால்டு கிராமும். 1987இல் பெடர்சனுடன் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இந்தியாவிலும் இவ்வறிவு பயன் தந்துள்ளது. அணு உலைக் கழிவில் உள்ள சீசியம்-137 தன் வீரியத்தில் பாதியை இழக்கவே 30 ஆண்டுகள் ஆகும். மும்பையின் திராம்பேயில் பாபா அணு ஆய்வு நடுவத்தார், கிண்ண வடிவ மூலக்கூற்றின் மேல் முடி ஈதர்ப் பாலம் அமைந்த சேர்மத்தால் அச்சீசியத்தைப் பிரித்தெடுத்தனர். அதனைக் கண்ணாடிக் கோலாக வார்த்து, கொடைக் குருதிக்குக் கதிரூட்டும் கருவிகளுக்கு வழங்கினர். நோயாளி உடலில் கொடையாளியின் வெள்ளணுக்கள் பெருகித் தாக்காவண்ணம் அக்கதிர் தடுக்கிறது. கழிவு, காவலாயிற்று.

மாணவச் செல்வங்களே! 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் இப்பிள்ளைச்சாவடியில் நிற்கிறது. அப்பாலுள்ள கடலில் 46க்கு ஒன்றாய்ப் பொட்டாசியம் உலவுகிறது. ஆய்வுக் குடுவையின் அடியில் ஆயிரத்தில் நான்கு பங்காய் ஏதேனும் மின்னினால், கழுவிக் கொட்டுமுன் ஒருமுறை உற்று நோக்குங்கள்!