பழந்தாள்களில் ஊரைத் தேடுதல்

(திருப்பெரும்பூதூர் வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரகடத்துச் சாலையில் இன்று செல்லும் இளைஞன் காண்பன எல்லாம் மதிலும் வாயிலும் பெயர்ப்பலகையுமே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து ஆக்கம் தொடங்கியது. திருப்பெரும்பூதூரில் 2006-இல் கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014-இல் மூடப்பட்டும் போயிற்று. ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு மகிழுந்து ஆலை எழுந்தது. இம் மதில்களுக்குள் மறைந்த புன்செய் எவருடையது, மேய்ச்சல் நிலம் எது என்று அவன் வினவினால், விடை சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். முதியோர் மறைந்தபின் அவன் நாட வேண்டுவது பழைய செய்தித்தாளையே.

இது மிகைக்கூற்றன்று. 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றது. நிலம் எடுப்பதற்கான முதல் அறிவிப்பை அரசிதழில் மட்டுமன்றி, அவ்வட்டாரத்தில் வழங்கும் இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வட்டார மொழியில் அமைதல் வேண்டும் என்று விதித்தனர். நிலத்தின் விலைமதிப்பை அவ்வறிவிப்பு வெளியான நாளைக் கொண்டே கணித்தனர். 2014 தொடக்கத்தில் புதுச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இதுவே முறை. ஆகவே, இழப்பீட்டு வழக்கில் நின்ற உழவனுக்கு ஒரு நாளிதழின் உட்பக்கம் பொன்னினும் பெரிது. அத்தாளிலேயே அவன் வீட்டுக்கு மளிகைப் பொட்டலம் வந்திருக்கவுங் கூடும்!

அத்தகைய தாள்களை எங்கே தேடுவது? சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பெற்றது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டமும், செய்தித்தாள்களை அதனுட் சேர்த்த 1956-ஆம் ஆண்டுத் திருத்தமும் நாட்டில் வெளியாகும் தாள்கள் அங்குச் சேர வழி செய்தன. அதற்கும் முற்பட்டவற்றுக்குத் தரமணியிலுள்ள ரோசா முத்தையா நூலகத்தை நாடலாம். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் நூலும் இதழும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்த பின் அத் திரட்டை விலை கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகம்! சென்னையிலேயே அதனை நிலைபெறச் செய்தமை நன்று. எனினும் வாங்கிய கை தமிழன் கையன்று.

தேடும் முறையிலும் ஓர் இடர் உண்டு. தனித்தமிழன்பர் ‘திருப்பெரும்பூதூர்’ என்றே தேடினால் வெறுங்கையோடு மீள நேரிடும். பழைய தாள்களில் ஊர்ப்பெயர் ‘ஸ்ரீபெரும்பூதூர்’, மாவட்டம் ‘ஜில்லா’, செய்தி ‘சமாசாரம்’. அன்றியும் 1997-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வூர்ச் செய்திகளெல்லாம் செங்கற்பட்டின் பெயரிலேயே வரும். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் முயற்சியைத் தொடங்குமுன் வெளிவந்த தாள்களைச் சொல்ல வேண்டுவதில்லை. கலப்பை வெறுப்பவனும் கலப்பு நடையைப் படிக்கக் கற்றே ஆதல் வேண்டும். ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு வேண்டும். ‘பிரபவ’ என்றால் 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? அறுபதாண்டுச் சுழற்சியின் கேடு இது! தொடர்ந்து எண்ணப்படும் திருவள்ளுவர் ஆண்டில் இக்குழப்பம் இல்லை.

இவற்றினும் நெஞ்சை வருத்துவது ஒன்றுண்டு. ஆங்கில அரசு, தமிழ்த் தாள்கள் தன்னைப் பற்றி என்ன எழுதுகின்றன என வேவு பார்க்க, அவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பித்துக் கமுக்க அறிக்கைகளாகத் தொகுத்தது. அவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. தாள்களிற் பல அழிந்தன, அறிக்கை நிற்கிறது. தமிழன் தமிழில் எழுதியதை, ஆண்டவன் மொழியில், அவன் அஞ்சிய அளவுக்கே இன்று அறிய முடிகிறது.

அழியாமற் காத்தவர்களும் உளர். அயோத்திதாசர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் தாம் மறையும்வரை நடத்தினார். எந்த அரசு நூலகமும் அவரை உலகுக்கு மீட்டுத் தரவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தனியர் இதழ்களைப் பேணி வைத்திருந்தமையால், 1999-இல் அலாய்சியசு தொகுத்த தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன.

1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினர். அந்நாள்களிலேயே ‘ஈழநாடு’ நாளிதழின் பணிமனையும் எரிந்தது. அங்கே பகைவன் தீ வேண்டியிருந்தது. இங்கே எடைக்கல் போதும். பழந்தாள் கடைக்காரன் வாயிலுக்கே வருகிறான்.

அறிஞர் அண்ணா 1942-இல் தொடங்கிய ‘திராவிட நாடு’ அருகிலுள்ள காஞ்சியிலிருந்தே வெளிவந்தது. இவ்வட்டாரத்து வீட்டுப் பரண்களில் அதன் கட்டுகள் இன்னும் கிடக்கலாம். வீடு இடித்துக் கட்டுவோர், நிலம் விற்றுப் பெயர்வோர், முதலில் பரணைப் பார்த்துவிட்டுப் பின் கடைக்காரனை அழையுங்கள். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்; வெயிலில் விரிக்காதீர்; இதழின் பெயரும் நாளும் தெரியுமாறு பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டுத் தாளை நூலகத்தில் ஒப்படையுங்கள்.