நோயாளியின் சொல்லும் வைத்தியரின் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வைத்தியம் பயிலும் மாணவருக்கு, நோயாளியுடன் பேசவும் நோயாளி சொல்வதைக் கேட்கவும் கற்பித்தல் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "நீ வைத்தியம் படிப்பவன் அல்லவே, உனக்கேன் இந்த ஆராய்ச்சி?" என்று சிலர் எண்ணலாம். ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஒருவர் இருந்தால், கிளினிக் கொப்பியுடன் வாங்கில் காத்திருப்போர் பலர். அந்தப் பலரில் நாமும் இருக்கிறோம். ஆகவே இதைப் பேச நமக்கும் உரிமை உண்டு.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், இறுதிக் குறளிலே வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். அவற்றுள் முதலில் நிற்பவன் நோயாளி. வைத்தியன் அவனுக்குப் பின்னரே வருகிறான். இந்த வரிசையின் பெருமையை மேல்நாட்டாரும் தம் ஆய்வுகளால் உணர்ந்தனர். 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே 80 புதிய நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 66 பேரின் நோய், முன்கடிதத்தைப் படித்து, அவர்கள் சொன்ன வரலாற்றைக் கேட்ட அளவிலேயே சரியாகப் புலப்பட்டுவிட்டது. இரத்தப் பரிசோதனை முதலியன பின்னர் வந்தவையே.

ஆயின், அந்த வரலாற்றைச் சொல்ல நோயாளியை விடுகிறோமா? 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டதாகக் காட்டிற்று. "பேசவிட்டால் பொழுதுபட்டுவிடுமே" என்பது வைத்தியரின் அச்சம். 2002இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த ஆய்வு இந்த அச்சத்தை அகற்றியது. குறுக்கிடாது விட்டபோது, 335 நோயாளர் பேசிய நேரம் சராசரி 92 செக்கன் மாத்திரமே! ஒன்றரை நிமிடப் பொறுமை எத்தனை உயிரைக் காக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க, நம் கல்முனைக் கரைக்கு வருவோம். இங்கே கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் கேட்கின்றன. இரு சமூகத்தாரும் பேசுவது ஒரே தமிழ். "வருத்தம்" என்றால் நமக்கு நோய். ஆனால் தமிழை ஏட்டில் மட்டும் கற்றுவந்த வைத்தியருக்கோ அது துக்கம். "முட்டு", "உளைவு", "சத்தி", "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது" என்னும் சொற்களெல்லாம் எந்த ஆங்கிலப் பாடநூலில் உள்ளன? நம் நாட்டில் வைத்தியம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழ் மாணவனே ஆயினும், ஐந்து ஆண்டுகள் ஆங்கிலத்தில் நோயை நினைத்துப் பழகியபின், தன் தாயின் மொழியில் நோயை விசாரிக்கத் தடுமாறுகிறான்.

இதற்கு முன்னரே ஒருவர் வழிகாட்டினார். மிஷன் பாடசாலையில் படித்தவன் என்ற முறையில் அவர் பெயரை நன்றியுடன் கூறுகிறேன். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய அவர், 1864 முதல் மானிப்பாயிலே அதனைத் தமிழில் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர் மதம் வேறு, நம் மதம் வேறு. எனினும் கிராமத்து நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியன் சிந்திக்கவேண்டும் என்ற அவர் கொள்கை நமக்கும் உரியதன்றோ!

இனி, இக்கலையைக் கற்பிக்க முடியுமா? முடியும். 1963இல் அமெரிக்காவில் ஹவார்ட் பறோஸ் என்னும் பேராசிரியர், சுகதேகியான ஒருவரை நோயாளிபோல் நடிக்கப் பழக்கி, அவரிடம் மாணவரை விசாரிக்க வைத்தார். இன்று உலகெங்கும் பரீட்சைகளிலே இம்முறை கையாளப்படுகிறது. இந்தியாவிலும் 2019 முதல் வைத்தியப் பாடத்திட்டத்தில் இப்பயிற்சி இடம்பெற்றுள்ளது.

அங்கே கற்பிக்கப்படுபவை எளியனவே. முகம் பார்த்து, பெயர் சொல்லி அழைத்தல். "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருத்தல். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல். மருந்துத் துண்டைக் கொடுக்குமுன், "இதை எப்படி எடுப்பீர்கள், சொல்லுங்கோ அம்மா" என நோயாளியின் வாயால் வருவித்தல்.

நம் ஊருக்கென்று சிலவற்றையும் சேர்க்கவேண்டும். சீனி வருத்தக்காரரான முஸ்லிம் பெரியவர் நோன்பு மாதத்திலும், நம் தாய்மார் கந்தசஷ்டியிலும் குளிசையை என்ன செய்கிறார்கள்? வைத்தியர் கேட்டாலொழிய அவர்கள் சொல்லமாட்டார்கள். ஏசுவார் என்ற பயம்! தாயை அழைத்துவரும் மகன் தானே எல்லாவற்றிற்கும் மறுமொழி சொல்கிறான். மகன் முன்னே சொல்லக் கூசும் நோய் தாய்க்கு இருக்கலாமல்லவா? "தம்பி, கொஞ்சம் வெளியில் இருங்கோ" என்று பண்பாகச் சொல்லவும் பழகவேண்டும். இல்லையேல் அவள் தன் நோயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே வீடு திரும்புவாள். வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடும்.

வைத்தியரை மட்டும் குறைகூற நான் வரவில்லை. வெளிநோயாளர் பிரிவிலே நெருக்கும் கூட்டத்தை யாவரும் அறிவோம். ஆனால் நாமும் செய்யத்தக்கன இரண்டுண்டு.

முதலாவது, நோயைக் குறிக்க நம் பாட்டிமார் வழங்கும் சொற்களையும், அயலிலுள்ள முஸ்லிம் உம்மாமார் வழங்கும் சொற்களையும், அந்த வீட்டு வாலிபரோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுப்போம். அதை இங்குள்ள வைத்தியர்களுக்கும், மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதார பராமரிப்பு பீடத்துக்கும் கொடுப்போம். இரண்டாவது, மாணவர் பேசிப் பழக ஆள் வேண்டுமெனில், நோயாளியாக நடிக்க நம் சங்கத்தார் முன்வருவோம். திருவிழா மேடையில் அரிச்சந்திரனாக நடிப்பவருக்கு இஃது அரிதோ?

பெரியோர்களே! நீங்களும் வைத்தியர்முன் அஞ்சாது உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். சொல்லாத நோய்க்கு மருந்தில்லை. கேளாத செவியுடையவர் கையில் மருந்திருந்தும் பயனில்லை.