படகு மோட்டாரின் பெட்ரோல் டேப்

(கரையோரக் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. படகின் பின்புறம் மாட்டப்படும் சிறு மோட்டாரில், தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் செல்லும் வழியைத் திறந்து மூடும் டேப்பே அது. வயலுக்கு நீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜினிலும் இத்தகைய டேப் உண்டு. ஆகவே மீனவருக்கும் உழவருக்கும் இச்செய்தி பொதுவானது.

இரண்டு மூன்று குதிரைச் சக்தியுள்ள மோட்டார்கள் பலவற்றில் தொட்டி மேற்பகுதியிலேயே அமைந்திருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கும். டேப்பிலுள்ள ரப்பர் வளையம் கெட்டுவிட்டால், மோட்டாரை நிறுத்திய பின்னும் ஒழுக்கு நிற்பதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் படகின் அடியில் தங்கிவிடும். பின்னர் ஒரு பீடி நெருப்பே படகை அழிக்கப் போதுமானது. டேப்பில் கசடு அடைத்தாலோ, பழவேற்காடு போன்ற முகத்துவாரங்களில் அலைக்கு நடுவே மோட்டார் நின்றுவிடும். இவ்வளவு அறிந்தும், ஒழுகும் இடத்தில் சோப்பைத் தேய்த்துவிட்டுப் புறப்படுவோர் நம்மிடையே உண்டு. அது கரை சேர உதவலாம், பழுது பார்த்ததாகாது.

டேப்பை மாற்றுவது கடினமன்று. மோட்டாரை ஆறவிட்டுத் திறந்த வெளியில் வைக்க வேண்டும். அருகில் அடுப்போ, விளக்கோ, புகையோ கூடாது. பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோல் முழுவதையும் மூடியுள்ள தகரக் கலத்தில் வடித்துவிட வேண்டும். பின்னர் கிளிப்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயை உருவி, டேப்பை ஸ்பானரால் கழற்றலாம். பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே மரையும் அதே அளவும் உள்ளதையே வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குரிய டேப் இதற்கு உதவாது.

தொட்டியில் தங்கிய கசடையும் நீரையும் அகற்றி, வடிகட்டி வலையைச் சுத்தம் செய்த பின்னரே புதியதைப் பொருத்துதல் வேண்டும். மரையில் வெள்ளை நாடா சுற்றலாகாது. அதன் துணுக்குகள் கார்புரேட்டரை அடைத்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியாயின் அளவு மீறி முறுக்கவும் கூடாது. 2025-ஆம் ஆண்டிற்குள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் பரவலாகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்கள் இதனால் விரைவில் கெடக்கூடும். ஆகவே குழாயையும் கிளிப்புகளையும் கூடவே மாற்றுவது நலம்.

குழாயை மாட்டுமுன், சிறிது பெட்ரோல் ஊற்றி டேப்பை மூடி வைத்துப் பார்ப்போம். பத்து நிமிடத்தில் ஒரு சொட்டும் விழலாகாது. குழாயை மாட்டியபின் டேப்பைத் திறந்து, இணைப்புகளின் கீழ் உலர்ந்த காகிதம் வைத்துச் சோதிப்போம். காகிதம் நனையாவிடில் பிளக் வயரை மாட்டி மோட்டாரை இயக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளக் காலத்தில் சாலை மூழ்கினால் சிறு படகே நமக்கு வண்டி. எனவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள மோட்டார்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துச் சோதிக்க ஏற்பாடு செய்வோமாக. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் முன்னின்று காட்டினால், இளைஞர் பலர் அன்றே கற்றுக்கொள்வர். நாம் செலவிடுவது சிறு தொகையும் சில மணி நேரமுமே. காப்பதோ நம்மவர் உயிர்.