எக்சேவியரா, சேவியரா, சவேரியாரா?

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 3 வந்துவிட்டால் நமது குமரி மாவட்டத்துக்கே விடுமுறை. கோட்டாற்றுத் திருவிழாவுக்குப் போகாத குடும்பம் நம் பங்கில் உண்டா? அந்தப் புனிதரின் பெயரைச் சொல்லும் முறை பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில் 'எக்சேவியர்' என்கிறார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்வதால் வரும் பிழை இது. ஆங்கிலத்தில் எக்ஸ் என்னும் எழுத்து சொல்லின் முதலில் நின்றால், வண்டின் ரீங்காரம் போன்ற மெல்லிய ஸகரமாக ஒலிக்கும். ஜெராக்ஸ் கடையில் போய் 'எக்ஸெராக்ஸ்' எடுத்துத் தாருங்கள் என்று யாரும் கேட்பதில்லையே! ஆகவே 'சேவியர்' என்பதே திருத்தமான உச்சரிப்பு.

இதைக் கற்ற பேரப்பிள்ளைகள், பாட்டி 'சவேரியார்' என்றால் "அது தப்பு" என்று நகைப்பதையும் பார்க்கிறோம். பாட்டி சொல்வது தப்பல்ல. புனிதர் 1506-ல் பிறந்த கோட்டையின் பெயரே அவர் பெயராயிற்று. பாஸ்கு மொழியில் 'புது வீடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. 1542-ல் அவர் போர்த்துக்கீசியருடன் இந்தியா வந்தார். அவர்கள் மொழியில் அந்த எழுத்து 'ஷ' என ஒலிக்கும். அவர்கள் 'ஷவியேர்' என்றதை நம் முன்னோர் காதால் கேட்டு, தமிழ் நாவுக்கு இசைவாக்கி, 'ஆர்' என்னும் மரியாதையும் சேர்த்து அழைத்தனர். ஆங்கிலத்தைக் கெடுத்துச் சொன்ன பெயரல்ல அது.

தமிழில் தவறு செய்தவர்களில் புனிதரும் ஒருவரே! பிறர் உதவியால் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசம்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. தவறு தெரிந்ததும் 1544-ல் உடனுழைப்பாளர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளவில்லை. நமது திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதினார். அந்தத் தடுமாறும் தமிழைக் கேட்டு நம் முன்னோர் நகைத்து விலகியிருந்தால், இன்று நாம் ஜூபிலி கொண்டாடுவோமா?

அன்பர்களே, ஆங்கிலத்தில் 'சேவியர்' என்று திருத்தமாகச் சொல்வோம். தமிழில் 'சவேரியார்' என்று தலைநிமிர்ந்து சொல்வோம். பிறர் நாவின் பிழையை அன்போடு திருத்துவோம், ஒருபோதும் நகையோம்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.