அம்மாவின் கூலி எங்கே?

 

எங்க ஊர் திருநின்றவூர் பக்கத்துல ஒரு கிராமம். சொந்தமா ஒரு ஏக்கர் நஞ்சை. அப்பாவும் அம்மாவும் வயலைப் பார்க்கிறாங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் பார்க்கிறேன்.

எதிரணி நண்பர், "விவசாயத்துல லாபம் இருக்கு, ஒழுங்கா கணக்கு எழுதத்தான் ஆள் இல்லே"ன்னார். நான் எழுதினேங்க! போன சம்பா அறுப்பு முடிஞ்சதும் நோட்டுப் போட்டு உட்கார்ந்தேன். உழவு, விதை, நடவு, உரம், அறுப்பு மிஷின் எல்லாம் சேர்த்துச் செலவு 22,000 ரூபாய். நெல் விற்று வந்தது 34,000. "பார்த்தியா, 12,000 லாபம்!" என்று அப்பா மீசையைத் தடவினார்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "என் கூலியை எங்கடா எழுதினே?" (கைத்தட்டல்)

அம்மா 30 நாள், அப்பா 40 நாள். நாளுக்கு 300 ரூபாய் போட்டால் 21,000. லாபம் போய் 9,000 ரூபாய் நஷ்டம்! சொந்த நிலத்துக்கு வாடகை இன்னும் எழுதவே இல்லை.

டில்லியிலும் இதே வழக்குதாங்க. மத்திய வேளாண் விலை ஆணையம், கையை விட்டுப் போன செலவோடு குடும்ப உழைப்பையும் சேர்த்து ஒரு கணக்குப் போடும். அதோடு சொந்த நிலத்துக்கு வாடகை, முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் 'சி2' என்று இன்னொரு கணக்கு. 2018-19-ல் ஒரு குவிண்டால் நெல்லுக்கு முதல் கணக்கு 1,166 ரூபாய். அதில் ஒன்றரை மடங்கு என்று 1,750 ரூபாய் விலை வைத்தார்கள். சி2 கணக்கோ 1,560. அதில் ஒன்றரை மடங்கு 2,340! அதே நெல்தான். எந்த நோட்டைப் பிரிக்கிறோம் என்பதில் 590 ரூபாய் காணாமல் போகிறது.

சரி, எங்க வயல் எப்படி ஓடுது? என் எஸ்டேட் சம்பளம்தான் உரமாப் போகுது. அதை நிறுத்தினா எத்தனை போகம் தாங்கும்? அதுதாங்க உண்மையான அளவுகோல். சுற்றிலும் மனைக்கல் நட்டாச்சு. புரோக்கர் மாசம் தவறாம வர்றார். "லாபம் வர்ற நிலத்தை ஏன் விக்கணும்?" என்கிறார் அப்பா. அவர் சொல்ற லாபம், அம்மாவோட இடுப்பு வலி! (கைத்தட்டல்)

நிலத்தை விற்கச் சொல்ல நான் வரலை. முதல்ல அம்மாவோட கூலியை எழுதுங்க. அந்தக் கூலியையும் கொடுக்கிற விலை நெல்லுக்கு வரட்டும். லாபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.