ஷிப்ட் முடிந்து வரும் முதுகுக்கு



நெய்வேலியில் பொழுது ஷிப்ட் கணக்கில்தான் விடிகிறது, ஷிப்ட் கணக்கில்தான் அடைகிறது. 1957 மே மாதம் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து இந்த ஊர் இரவு பகல் பார்க்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு டன் நிலக்கரி கையில் வர வேண்டுமானால், அதன் மேல் கிடக்கும் மண்ணை ஐந்து ஆறு கன மீட்டர் அளவுக்கு அகற்றியாக வேண்டும். வானளாவிய பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் வெட்டுகின்றன, கன்வேயர் பெல்ட்டுகள் சுமக்கின்றன. ஆனாலும் ஒவ்வோர் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு மனித முதுகு இருக்கிறது.

டோசர், டம்பர் ஓட்டுகிறவருக்கு எட்டு மணி நேரமும் இருக்கையின் அதிர்வு இடுப்பு வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது. இந்த அதிர்வு முதுகைக் கெடுக்கும் என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிலாளி ஒரு நாளில் எவ்வளவு அதிர்வு வாங்கலாம் என்று வரம்பு கட்டியது. பெல்ட்டின் ரோலரைக் கழற்றி மாட்டுகிறவர் குனிந்தபடியே பாரம் தூக்குகிறார். கண்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்திருப்பவருக்குப் பிடரி இறுகுகிறது. இரவுப் பணி முடித்தவர் காலை வெயிலில் வீடு திரும்பிப் படுக்கிறார்; உடம்பு களைத்திருக்கிறது, தூக்கம் மட்டும் வருவதில்லை.

இவர்களுக்காகவும் இவர்கள் வீட்டாருக்காகவும் இன்று மசாஜ் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உருவி விடுதல், நீவி விடுதல், பிடித்து விடுதல், அமுக்கி விடுதல் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதுதான். அது உடம்புக்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது, எப்போது தொடவே கூடாது என்பதைச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு எளிய கேள்வி. முழங்கால் கட்டிலில் இடித்துக்கொண்டால் கை ஏன் தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது? 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். வலியைச் சுமந்து வரும் நரம்பும் தொடுதலைச் சுமந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே வாசலுக்கு வந்து சேர்கின்றன. தொடும் உணர்வு நிறைய வரும்போது, வலிக்கு அந்த வாசல் பாதி அடைபடுகிறது. அவர்கள் சொன்னதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பல இடங்களில் திருத்தியிருக்கின்றன. அடிப்படைக் கருத்து நிற்கிறது. இது போக, மெதுவாக வருடினால் மட்டும் விழித்துக்கொள்ளும் நுண்ணிய நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன. அவசரமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பக்குவம் தெரிந்தவர் கை ஏன் நிதானமாகவே நகர்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2012-இல் வெளியானது. இளைஞர்கள் 11 பேரைக் களைத்துப் போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு கால்களிலிருந்தும் கடுகளவு தசையை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் சமிக்ஞைகள் கூடியிருந்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்று விளம்பரப் பலகைகளில் எழுதியிருக்கிறார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. உடம்பிலுள்ள நச்சு வெளியேறும், கொழுப்பு கரையும் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

முதுகுவலிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்தது. பதின்மூன்று பேரில் ஒருவர். அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் சில நிபந்தனைகளோடு பரிந்துரைத்த சிகிச்சைகளில் மசாஜும் ஒன்று. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்வதையும், எடை மாட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று நான்கு வருடமாகக் கழற்றாமல் பெல்ட் போட்டிருப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆனால் அளவோடு நம்புங்கள். 2015-இல் காக்ரேன் அமைப்பு, இடுப்புவலிக்கு மசாஜ் பற்றி வந்த 25 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. கொஞ்ச காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட காலம் நிற்பதில்லை, ஆய்வுகளின் தரமும் போதாது என்றது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மசாஜ் வலியை வேரோடு பிடுங்காது. இரண்டு மூன்று நாள் ஆசுவாசம் கொடுக்கும். அந்த இரண்டு மூன்று நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலி தணிந்த உடம்போடு டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகளில் அரை மணி நேரம் நடந்தால், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தால், முதுகுத் தசை உறுதிப்படும். மசாஜ் முடிந்ததும் போய்ப் படுத்துவிட்டால் அடுத்த வாரமும் அதே வலி.

இரவுப் பணிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பைத் தளர்த்தி இதயத் துடிப்பைக் கொஞ்சம் இறக்குவதில் மசாஜுக்குப் பங்கு உண்டு. பகலில் தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் உள்ளங்காலையும் பிடரியையும் யாராவது நீவி விட்டால், ஜன்னலை இருட்டாக்கிக்கொண்டால், தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ரத்த அழுத்தமும் அந்த நேரத்துக்குச் சற்று இறங்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இதெல்லாம் வெளிநாட்டார் சொல்லி நாம் தெரிந்துகொண்டதில்லை. சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் அக மருந்து 32, வெளியே செய்யும் புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். புற மருந்துகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. எந்த இடத்தில் தட்ட வேண்டும், எந்த மூட்டை எவ்வளவு தூரம் அசைக்கலாம் என்பதைப் படித்துப் பழகித்தான் கற்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இதை முறையாகப் படித்தவர்கள் உருவாகிறார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஸ்பாவுக்குப் போகுமுன் அங்கே விசாரியுங்கள்.

பச்சைக் குழந்தைகள் விஷயத்திலும் நம் பாட்டிமார்கள் கை பொய்க்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தடவி உருவிக் குளிப்பாட்டுவார்களே, அதைப் போன்ற தொடுதலை அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பதினைந்து பதினைந்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை, பத்து நாட்கள். 1986-இல் வந்த அந்த ஆய்வில், தொடுதல் கிடைத்த குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட நாள்தோறும் 47 சதவீதம் அதிகமாக எடை கூடின. தேங்காய் எண்ணெய் இதற்கு நல்லது. ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: சளி எடுக்கிறேன் என்று குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், காதில் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கலாம். உச்சிக்குழியை அழுத்தவும் கூடாது.

இனி எச்சரிக்கைகள். நான் சொல்வதில் வேறெது மறந்தாலும் இவை மறக்கக் கூடாது.

நெஞ்சில் பாரமாக இருக்கிறது, இடது தோளிலும் கையிலும் வலி இறங்குகிறது, வியர்க்கிறது. வீட்டில் என்ன சொல்வோம்? வாயுப் பிடிப்பு என்போம். தைலம் தேய்ப்போம், முதுகை நீவுவோம், வெந்நீர் கொடுப்போம். மாரடைப்பாக இருந்தால் அந்த அரை மணி நேரம் உயிரின் விலை. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் இருக்கலாம். தைல டப்பாவைத் தேடுமுன் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கக் கூடும். தேய்த்தால் அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த 23 வயது இளைஞர் ஒருவருக்கு, கட்டுப் பிரித்த பின்னும் கால் வலியும் வீக்கமும் இருந்தன. பெற்ற தாய் பரிவோடு எண்ணெய் தேய்த்து விட்டார். உறைந்திருந்த ரத்தம் நகர்ந்து அந்தப் பிள்ளை இறந்துபோனார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தாயிடம் இதை முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, பிரசவம், நெடும்பயணம், நாட்கணக்கில் படுக்கை, இவற்றுக்குப் பின் வரும் கால் வீக்கத்தை மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நான்கு குழாய்கள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன. திடீரென்று முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். 2024-இல் கர்நாடகத்தின் பெல்லாரியில் முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு இப்படி நேர்ந்ததாகச் செய்தி வந்தது. தலைக்கு மசாஜ் போதும், கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

சுளுக்கு விழுந்த இடத்தில் வீக்கம் இருந்தால் முதல் இரண்டு நாள் உருவாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். காய்ச்சல், தோலில் புண், முறிவு என்று சந்தேகம் இருந்தால் மசாஜ் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவருக்கு அழுத்தம் அதிகமானது தெரியாது. அவருக்கு மென்மையாக, சூடில்லாத எண்ணெயால் செய்யுங்கள். பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. எலும்பு தேய்ந்த வயதில் அது முதுகெலும்பையே நொறுக்கிவிடக்கூடும்.

வீட்டில் செய்வது எளிது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தின் மேல் கைகளை மடித்து நெற்றியை வைத்து உட்காரச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, கை பொறுக்கும் சூடு. இடுப்பிலிருந்து தோள் வரை, முதுகெலும்பின் இரண்டு பக்கமும், உள்ளங்கையை விரித்து மெதுவாக மேலே நீவுங்கள். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது, அதன் ஓரத்துச் சதையில்தான் கை போக வேண்டும். பிறகு தோளுக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுப் போங்கள். இறுகிக் கிடக்கும் முடிச்சு ஒன்று விரலில் தட்டுப்படும். அங்கே ஏழெட்டு மூச்சு நேரம் அழுத்திப் பிடித்திருங்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கால் என்றால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவுங்கள். பதினைந்து நிமிடம் போதும். முடித்ததும் தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள்; வயதானவர்கள் அதில் வழுக்கி விழலாம்.

கடைசியாக இந்த ஊர்க் குடும்பத் தலைவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஷிப்ட் முடிந்து வருகிறவரின் காலை அமுக்கி விடுவது காலங்காலமாக மனைவி, மகள், தாய் இவர்கள் வேலையாகவே இருக்கிறது. முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்காக நாலு மணிக்கு எழுந்து சமைக்கிற அந்த அம்மாவின் இடுப்பை யாராவது கேட்டதுண்டா? துணி துவைத்து, தண்ணீர்க் குடம் தூக்கி, அடுப்படியில் நின்று அவர் முதுகும் இறுகித்தான் கிடக்கிறது. நான் சொன்ன பதினைந்து நிமிடப் பக்குவத்தை இந்த வார ஓய்வு நாளில் முதலில் அவருக்குச் செய்யுங்கள். நல்லெண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது.