காய்கறி குக்கீஸ்: கிழங்கும் சுக்கும் செய்யும் வேலை



முட்டை கிடையாது, பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது, நெய்யும் தேனும்கூடக் கிடையாது. வீகன் குக்கீஸ் என்றதும் பேச்சு இந்தக் 'கிடையாது' பட்டியலில்தான் தொடங்குகிறது. கேட்டவர்கள், "அப்புறம் அதில் என்னதான் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பதும் நியாயமே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பக்குவமாகச் சுட்ட ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு குக்கீயைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் இனிப்பில் ஒரு பங்கு கிழங்கு தந்தது. ஈரம் முழுவதும் கிழங்கு தந்தது. உதிராமல் மாவைப் பிடித்து வைத்திருப்பதும் கிழங்குதான். காய்கறியை ஒப்புக்குச் சேர்த்து 'சத்தான தின்பண்டம்' என்று பெயர் சூட்டுவது ஒரு வகை. காய்கறியை நம்பிச் சுடுவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நான் கலை என்று மதிக்கிறேன்.

இது நேற்று முளைத்த பழக்கமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டனில் ரேஷன் வந்தது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஒருவருக்கு வாரத்துக்குக் கிடைத்த சர்க்கரை 8 அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம். முட்டை வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிடைத்தால்தான். கேரட்டுக்கு மட்டும் பஞ்சமில்லை. உணவு அமைச்சகம் 'டாக்டர் கேரட்' என்று ஒரு கார்ட்டூன் பாத்திரத்தையே உருவாக்கி, வீட்டுக்கு வீடு கேரட்டைச் சமைக்கச் சொன்னது. அந்தக் காலத்துக் கேரட் பிஸ்கட் செய்முறை ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மார்ஜரின் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு, துருவிய கேரட் நான்கு, மாவு ஆறு, சில துளி வெனிலா. அவ்வளவுதான், முட்டையே கிடையாது. சர்க்கரையைப் போல இரண்டு மடங்கு கேரட் இருப்பதைக் கவனியுங்கள். அந்நாளைய மார்ஜரினில் திமிங்கல எண்ணெய் சேர்ப்பதுண்டு என்பதால் அதை வீகன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காய்கறியிடம் வேலையை ஒப்படைக்கும் துணிச்சல் அந்தச் செய்முறையில் இருக்கிறது.

அதே போர் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1944 நவம்பரில், டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர் சில நண்பர்களோடு சேர்ந்து இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் நூறு ஆண்டு முன்பே இந்த அடுப்படிக்குப் பெரிய உதவி செய்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. பர்மிங்ஹாமில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃபிரட் பர்ட் என்பவர். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. முட்டைக்கு மாற்றாக 1837இல் முட்டை சேராத கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடித்தார். ஈஸ்ட்டுக்கு மாற்றாக 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். மனைவி வயிறு நோகாமல் சாப்பிட வேண்டும் என்று ஒருவர் செய்த பொடிதான், முட்டை இல்லாத மாவை இன்றைக்கும் எழுப்பி விடுகிறது. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பிரியம் கூடுகிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். காய்கறி குக்கீஸில் எல்லாக் கஷ்டமும் தண்ணீரால் வருவது. கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். பரங்கிக்காயில் 90க்கும் மேல். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஏறத்தாழ 77. வழக்கமான ஒரு குக்கீ செய்முறையை எடுத்து, அதில் ஒரு கப் கேரட்டைத் துருவிப் போட்டுப் பாருங்கள். ஓரம் சிவந்துவிடும், நடுவில் களியாக நிற்கும். அடுப்பைக் குறை சொல்வோம், மாவைக் குறை சொல்வோம். காரணம் துருவலில் இருந்த தண்ணீர்.

கேரட்டை மெல்லிய பக்கத்தில் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால், கிண்ணத்தின் அடியில் ஆரஞ்சு நிறச் சாறு தேங்கி நிற்கும். துருவலை மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்ததை விரலால் உதிர்த்தால் ஒட்டாமல் தனித்தனி இழையாக விழ வேண்டும். அதுதான் பதம். சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை அந்தச் சாற்றில் மூன்று மேசைக்கரண்டி விட்டுக் கலக்கி வைத்தால், பத்து நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஒரு முட்டை பார்க்கும் பிடிமான வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

பரங்கிக்காயை வேகவைத்து மசித்த பிறகு வாணலியில் போட்டு, எண்ணெய் இல்லாமல், கரண்டி ஓடிய தடம் மூடாத அளவுக்குக் கிளறி இறக்க வேண்டும். அல்வா கிளறத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மனம் சாய்வது சர்க்கரைவள்ளிக்கிழங்கின் பக்கம். அந்தக் கிழங்குக்குள் ஒரு நொதி இருக்கிறது. உள்ளே சூடு ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குள் இருக்கும் நேரத்தில், அது கிழங்கின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு. மைக்ரோவேவில் சட்டென்று வேகவைத்தால் நொதிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. தோலோடு முழுக் கிழங்காக ஓவனில் வைத்து, நிதானமான தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டால், தோல் சதையை விட்டு விலகிச் சுருங்கும். இரண்டு முனையிலும் பாகு கசிந்து தட்டில் சொட்டி, கறுத்து மினுமினுக்கும். அந்தக் கசிவைப் பார்த்த பிறகு மாவில் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்ட யாருக்கும் மனம் வராது.

அளவு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு 150 கிராம், ஓட்ஸ் 75 கிராம், சுட்டு மசித்த கிழங்கு 150 கிராம், நாட்டுச்சர்க்கரை 80 கிராம், தேங்காய் எண்ணெய் 70 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இதற்கு ஆளிவிதைகூட வேண்டாம். கிழங்கும் ஓட்ஸும் பிடித்துக்கொள்ளும். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டைக்குப் பதிலாக நுரைக்க அடிக்கும் உத்தி 2014, 2015 வாக்கில் பிரபலமானது. முட்டை வெள்ளைக்கருவை நுரைத்துச் செய்யும் பண்டங்களுக்கு அது அருமை. கனமான கிழங்கு மாவில் அந்த நுரை நிற்காது, எனவே இங்கே அந்த உழைப்பு வீண்.

கொழுப்புக்கு வருகிறேன். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குதான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே வெண்ணெய் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் எண்ணெய் விட வேண்டும். அது உறையும் சூடு 24, 25 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ வருஷத்தில் பாதி நாள் அது உறையவே உறையாது. உருகிய எண்ணெயில் பிசைந்த மாவைத் தட்டில் வைத்தால் வட்டம் பரந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பிறகு 170 டிகிரியில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். கம்பு மாவு சேர்க்க விரும்புகிறவர்கள் அன்றன்றைக்கு அரைத்ததைச் சேருங்கள். அரைத்து வைத்த கம்பு மாவு சீக்கிரம் காறிப்போய்க் கசக்கும். அந்தக் கசப்பை எந்த ஏலக்காயும் மறைக்காது.

பீட்ரூட் பற்றியும் ஒரு வார்த்தை. மாவில் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு, அடுப்பிலிருந்து வெளியே வரும்போது பழுப்பாகியிருக்கும். அந்தச் சாயத்துக்குச் சூடும் ஆகாது, காரத்தன்மையும் ஆகாது. சமையல் சோடாவைத் தவிர்த்து பேக்கிங் பவுடர் போட்டு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டால் ஓரளவு நிறம் தங்கும். சோடா செய்யும் வேடிக்கை இன்னொன்றும் உண்டு. சூரியகாந்தி விதையும் சோடாவும் சேர்ந்த குக்கீஸை ஆறியதும் பிட்டால் உள்ளே பச்சையாக இருக்கும். பூசணம் என்று பதறிக் கொட்டிவிடாதீர்கள். விதையில் இருக்கும் ஒரு அமிலம் சோடாவோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. சாப்பிடலாம்.

இனி வாசனை. வெண்ணெயும் பாலும் தரும் மணம் இந்தக் குக்கீஸில் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தால் வாயில் வெறும் மாவுதான் தட்டுப்படும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, ஏலக்காய் எல்லாம் அந்த இடத்துக்கு வருகின்றன. ஜெர்மனியின் நூரம்பெர்க்கிலும் நெதர்லாந்திலும் குளிர்காலப் பண்டிகைக்கு மசாலா மணக்கும் பிஸ்கட் சுடுவது பல நூற்றாண்டுப் பழக்கம். அவற்றுக்குப் போன பட்டை இலங்கைப் பக்கத்துச் சரக்கு, ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளுடையது. நம் வீடுகளிலும் வெல்லம் இருக்கும் இடத்தில் சுக்கும் ஏலமும் இருக்கும். அதிரசமும் பானகமும் சாட்சி. ஆகவே இந்த மணம் நம் மூக்குக்குப் புதிதில்லை, அடுப்பு மட்டும்தான் வேறு.

பொடிகளை மாவோடு அப்படியே கலப்பதைவிட, தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் பொடிகளைப் போட்டுக் கலக்கி ஆறவிடுவது மேல். வாசனைச் சத்து எண்ணெயில் கரைவது. தாளிக்கத் தெரிந்த நமக்கு இது கைவந்த வித்தை. இஞ்சியா சுக்கா என்று கேட்டால், தயங்காமல் சுக்கு என்பேன். பச்சை இஞ்சி தண்ணீரைக் கொண்டுவரும், அடுப்புச் சூட்டில் காரமும் தணிந்துவிடும். சுக்கு காயும்போதே அதன் காரச்சத்து இன்னும் உறைப்பான ஒன்றாக மாறிவிடுகிறது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லச் சூடு பரவுகிறதே, அது சுக்கின் கொடை.

கிராம்பில் கை அடக்கம் வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு மூன்று கிராம்பு போதும். நான்காவது போட்டால் பல் வைத்தியர் அறை வாசனை வந்துவிடும், நாக்கும் மரத்துப்போகும். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு கிடைத்தால் இரண்டே போதும். அத்தனை வாசம் அதற்கு. ஜாதிக்காயை அப்போதைக்கப்போது உரசிச் சேர்ப்பதுதான் அழகு. கால் தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் ஜாதிக்காய் உடம்புக்குக் கேடு.

பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கடினமான, ஒரே மடிப்பாகச் சுருண்ட காசியா. இலங்கையின் பட்டை வேறு மரம். உள்பட்டையை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி உலர்த்துவார்கள். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. அதிகமாகத் தினமும் உள்ளே போனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் சாதாரண இனிப்பு பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றும், பண்டிகைக்கால, பாரம்பரியப் பண்டங்களில் 50 மில்லிகிராம் என்றும் கூமரினுக்கு வரம்பு வைத்திருக்கிறது. இதை வைத்து 2013இல் டென்மார்க்கில் பட்டை ரோல் சுடுபவர்கள் பெரிய சச்சரவே செய்தார்கள். எப்போதாவது சுடும் குக்கீஸுக்குக் காசியா போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு அடிக்கடி சுட்டுக் கொடுக்கும் வீட்டில், விலை கூடினாலும் இலங்கைப் பட்டையையே வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அதன் மணம் மென்மையானது. கிழங்கின் இனிப்பை அமுக்காது.

உடம்புக்கு நல்லது என்ற பேச்சில் நிதானம் தேவை. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மருந்துபோல் நினைத்துச் சாப்பிடக் கூடாது. 150 கிராம் கிழங்கு இருபது குக்கீஸில் பிரிந்துபோகும்போது, ஒன்று தின்றால் காய்கறி சாப்பிட்ட கணக்கில் வராது. ஆனால் உண்மையான நன்மைகள் சில இருக்கின்றன. கடைப் பிஸ்கட்டைவிடச் சர்க்கரையை நிறையக் குறைக்க முடிகிறது. முழுக்கோதுமையும் ஓட்ஸும் நார்ச்சத்து தருகின்றன. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும், எண்ணெயும் குக்கீயிலேயே இருக்கிறது. பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தை, பிறந்தநாள் விருந்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்ன முடிகிறது. எனக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. கோதுமையும் நிலக்கடலையும் முந்திரியும் சிலருக்கு ஒவ்வாது என்பதால், பரிமாறும் முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

மொறுமொறுப்பை மட்டும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஈரம் மிகக் குறைவாக இருப்பதால்தான் கடைப் பிஸ்கட் மொறுமொறுக்கிறது, மாதக்கணக்கில் கெடாமலும் இருக்கிறது. காய்கறி குக்கீ மெத்தென்றுதான் இருக்கும். வெளியே வைத்தால் நம் வெயிலில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள். மொத்தமாகச் சுட்டு அடுக்குவதைவிட, மாவை எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டி ஃபிரீசரில் வைத்துவிடுவது நல்லது. வேண்டும்போது வேண்டிய அளவுக்கு எடுத்து, சற்று நெகிழ்ந்ததும் தட்டையாக அழுத்திச் சுடலாம். அடுப்பில் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெளியே எடுத்தவுடன் தொட்டால் வேகாதது மாதிரி மெத்தென்று இருக்கும். பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும், பதம் தானாக வரும்.